சிசுவின் தேகம் கிருமிகளை எதிர்க்கும் விதம்

பிறந்து ஆறு நாட்களான சிசு ஒன்று காலையில் பாலுண்ண மறுக்கிறது. முந்திய நாள் வரையில் முட்டி முட்டிக் குடித்த குழந்தை, மார்பில் வைத்தால் இரண்டொரு முறை சப்பிவிட்டு அயர்ந்து போகிறது. வீட்டிலுள்ள பெரியவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். சூடு இல்லை, கைகால்கள் சற்றுக் குளிர்ந்தே இருக்கின்றன. "ஜுரமில்லையே, பின் என்ன பயம்?" என்று சொல்லித் திருஷ்டி கழித்துப் படுக்க வைக்கிறார்கள். மாலையில் அழுகுரல் மெலிகிறது. மறுநாள் மூச்சு மேலும் கீழுமாய் வாங்குகிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்பொழுது காலம் கடந்துவிடுகிறது. இத்தகைய துக்கத்தைக் கேட்டறியாத கிராமம் அரிது. 2022-ம் வருஷத்தில் உலகெங்கும் பிறந்து 28 நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் சுமார் 23 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குறைமாதப் பிறப்பும், பிரசவத்தின்போது மூச்சுத் திணறலும், கிருமித் தொற்றுமே அவற்றுள் பெரும்பாலானவற்றிற்குக் காரணங்கள்.

மேற்சொன்ன வீட்டுப் பெரியவர்களை அறிவற்றவர்கள் என்று கூறிவிடலாகாது. வளர்ந்தவர்களுடைய உடம்பில் புண் சீழ்ப்பிடித்தால் சூடேறுகிறது. நெஞ்சில் சளி கட்டினால் ஜுரம் காய்கிறது. நோயென்றால் சூடு என்பது அவர்கள் ஆயுள் முழுவதும் கண்டறிந்த விதி. ஆனால் பிறந்த சிசுவின் தேகத்தில் அவ்விதி செல்லுவதில்லை. அது ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால், அச்சிசு பாலுண்ண மறுத்த காலை நேரத்திலேயே செய்ய வேண்டியது இன்னதென்பது தானே விளங்கும்.

முதலில் வளர்ந்தவர்களின் உடம்பைப் பார்ப்போம். 1882-ம் வருஷத்தில், ருஷியரான மெச்னிகாப் என்னும் விஞ்ஞானி, இத்தாலி தேசத்து மெஸ்ஸினா நகரில் கடற்கரையோரம் தங்கியிருந்தார். கண்ணாடி போல் தெளிந்த உடலையுடைய நட்சத்திர மீன் குஞ்சுகளில் முள்ளைக் குத்திவைத்து மறுநாள் பூதக்கண்ணாடியில் நோக்கினார். அலைந்து திரியும் சிற்றணுக்கள் பல திரண்டு வந்து அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களும் இவ்விதமே கிருமிகளைச் சூழ்ந்து விழுங்குகின்றன என்று அவர் கண்டார். கிருமி நுழைந்த இடத்திலுள்ள அணுக்கள் சில பொருள்களைச் சுரந்து இரத்தத்தில் விடுகின்றன. அவை தண்டோராப் போடுவது போல் உடம்பெங்கும் செய்தி பரப்புகின்றன. செய்தி மூளைக்கு எட்டினால் ஜுரம் உண்டாகிறது. எலும்பு மஜ்ஜைக்கு எட்டினால் சேமித்து வைத்திருந்த வெள்ளணுக்கள் லட்சக்கணக்கில் வெளிவருகின்றன. சீழ் என்பது அப்போரில் மாண்ட வெள்ளணுக்களின் குவியலே. ஜுரமும் வீக்கமும் சீழும் கிருமியின் வேலையென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றுட் பெரும்பகுதி நமது தேகம் செய்யும் வேலை.

இது முதற்படை. எக்கிருமி வந்தாலும் இப்படை உடனே எழும். இரண்டாவது படை, ஒருமுறை கண்ட கிருமியை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கென்றே பொருந்தும்படியான எதிர்ப்பொருள்களைத் தயாரிப்பது. பூட்டுக்குச் சாவி போல், ஒவ்வொரு கிருமிக்கும் எதிர்ப்பொருள் தனித்தனி. அதைத் தயாரிக்க முதல்முறை ஒன்றிரண்டு வாரங்கள் செல்லும். பிறந்த சிசு எந்தக் கிருமியையும் முன்பின் கண்டதில்லை. ஆதலின் இரண்டாவது படை அதற்குப் புதிதாகவே திரள வேண்டும். ஆயின் முதற்படைக்கு அனுபவம் தேவையில்லையே, அது ஏன் சிசுவினிடத்தில் தளர்ந்திருக்கிறது?

கர்ப்பத்தில் வளரும் சிசுவின் நிலையை எண்ணிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். சிசுவின் உடல் பாதி தாய் வழியாகவும் பாதி தகப்பன் வழியாகவும் அமைந்தது. தகப்பன் வழிப் பாகம் தாயின் தேகத்திற்கு அந்நியம். அவ்வாறே தாயின் தேகத்தில் ஒரு பாகம் சிசுவுக்கு அந்நியம். அந்நியமானதைக் கண்டவுடன் எதிர்ப்பதே வெள்ளணுக்களின் சுபாவமாயிருக்க, இருவரும் ஒன்பது மாதம் சண்டையின்றி எவ்வாறு ஒன்றாயிருக்கிறார்கள் என்ற கேள்வியை 1953-ம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்து மெடவார் என்பவர் எழுப்பினார். அக்கேள்விக்கு முழு விடை இன்றளவும் கிடைக்கவில்லையாயினும், ஒரு பகுதி விளங்கிவிட்டது. கர்ப்பத்திலுள்ள சிசுவின் வெள்ளணுக்கள் பொறுமை காக்கும்படி பயிற்றப்படுகின்றன. அபாயத்தைப் பறைசாற்றும் பொருள்களில் சிலவற்றைக் குறைவாகவும், அடங்கியிருக்கச் சொல்லும் பொருள்களை மிகுதியாகவும் அவை சுரக்கின்றன. தாயின் உடம்பிலிருந்து சில அணுக்கள் நஞ்சுக்கொடி வழியே சிசுவிடம் வந்து சேர்ந்தாலும், அவற்றைப் பகையாக எண்ணாமலிருக்கக் கற்றுக்கொள்கின்றன.

இந்தப் பொறுமை பிறந்த கணத்தில் மறைந்துவிடுவதில்லை, மறையவும் கூடாது. பனிக்குடம் உடைந்தது முதல் சிசுவின் தோலிலும் வாயிலும் குடலிலும் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் குடியேறத் தொடங்குகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. பாலைச் செரிக்கவும் குடலைப் பதப்படுத்தவும் உதவுகிறவை. வந்து குடியேறும் அத்தனை பேரையும் பகைவரென்று கருதிச் சிசுவின் தேகம் போர் தொடுக்குமாயின், அப்போரின் சூட்டிலேயே அதன் குடல் வெந்து புண்ணாகிவிடும்.

இதனை நேரில் காட்டிய சோதனை ஒன்று 2013-ம் வருஷத்தில் அமெரிக்க நாட்டில் சின்சினாட்டி நகரத்து ஆராய்ச்சியாளரால் வெளியிடப்பட்டது. பிறந்த எலிக்குஞ்சுகள் மிகச் சிறிய அளவு கிருமிக்கும் மாண்டுவிடும். வளர்ந்த எலியின் வெள்ளணுக்களைக் குஞ்சின் உடலில் செலுத்தினால் பிழைக்குமா என்று பார்த்தார்கள், பிழைக்கவில்லை. பெரிய எலியிடத்தில் வீரத்துடன் போரிட்ட அணுக்கள் குஞ்சின் உடலில் புகுந்தவுடன் அடங்கிவிட்டன! அவ்வணுக்களிடத்தில் குறையில்லை, அவற்றை யாரோ அடக்குகிறார்கள் என்பது தெளிவாயிற்று. அடக்கியவை எவையென்று தேடியதில், முற்றாத சிவப்பணுக்களின் ஒரு வகை அகப்பட்டது. பிறந்த குஞ்சின் மண்ணீரலில் அவை ஏராளமாயிருந்தன. மனித சிசுவின் தொப்புள்கொடி இரத்தத்திலும் அவ்வகை மிகுதியாக இருக்கிறது. அவற்றைக் குறைத்துவிட்டால் குஞ்சுகள் கிருமியை முன்னிலும் நன்றாக எதிர்த்தன. அவ்வளவில் நின்றிருந்தால் இது ஒரு மருந்து கண்டுபிடித்த கதையாகியிருக்கும். ஆனால் அக்குஞ்சுகளின் குடலில், சாதாரணமாகக் குடியேறும் நல்ல நுண்ணுயிர்களுக்கு எதிராகவே அழற்சி கிளம்பிற்று. ஆகவே சிசுவின் தளர்ச்சியை வெறும் குறைபாடு என்று நினைப்பது சரியன்று. சமாதானமாய்க் குடியேற்றம் நடக்க வேண்டுமென்பதற்காகச் சிசு செலுத்தும் விலை அது. அந்த விலை சில குழந்தைகளின் விஷயத்தில் உயிராகவே போய்விடுகிறது என்பதுதான் துயரம்.

தளர்ச்சியின் விவரங்களையும் சிறிது அறிதல் நலம். நியூட்ரோபில் என்னும் விழுங்கும் வெள்ளணுக்கள் பிறந்த சிசுவின் இரத்தத்தில் குறைவாயில்லை. சொல்லப்போனால் முதல் நாளில் பெரியவர்களைவிட அதிகமாகவே ஓடுகின்றன. குறை எங்கேயெனில், எலும்பு மஜ்ஜையிலுள்ள சேமிப்பில். கூட்டுறவுச் சங்கமொன்றின் அன்றாடக் கைப்பணம் நிறைந்திருந்தும், ரிசர்வ் நிதி காலியாயிருந்தால், ஒரே நாளில் பலர் டிப்பாசிட்டைத் திருப்பிக் கேட்கும்போது சங்கம் என்னவாகும்? கடும் தொற்று ஏற்பட்ட சிசுவின் கதியும் அதுவே. பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் வெள்ளணு எண்ணிக்கை உயர்கிறது. சிசுவுக்கோ சேமிப்புத் தீர்ந்து எண்ணிக்கை விழுந்துவிடுவது உண்டு. இரத்தப் பரிசோதனையில் வெள்ளணு குறைந்த சிசுவைக் கண்டு வைத்தியர்கள் அதிகமாகக் கவலைப்படுவதற்குக் காரணம் இதுதான். இருக்கும் அணுக்களும் இரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு வெளியேறி, கிருமியுள்ள இடத்தை நோக்கிச் செல்வதில் பெரியவர்களுடையதைவிட மந்தமானவை. கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு, "இதை விழுங்கு" என்று அடையாளமிடும் காம்ப்ளிமெண்ட் என்னும் புரதங்கள் பலவும், நிறைமாதச் சிசுவிடத்தில் பெரியவர்களின் அளவில் ஏறக்குறைய பாதி முதல் முக்கால் வரைதான் இருக்கின்றன. குறைமாதக் குழந்தைக்கு இவையெல்லாம் இன்னும் குறைவு.

இத்தனையும் சேர்ந்து விளையும் பயன் யாதெனில், கிருமி நுழைந்த இடத்திலேயே அதை மடக்கி நிறுத்தச் சிசுவால் முடிவதில்லை. பெரியவர்களுக்கு ஒரு கட்டியோடு போகிற கிருமி, சிசுவின் இரத்தத்தில் கலந்து சில மணி நேரத்தில் நுரையீரலையும் மூளைச் சவ்வையும் எட்டிவிடக்கூடும். பறைசாற்றும் பொருள்கள் ஒழுங்காகச் சுரவாமையாலும், உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும் சக்தி சிறிதாகையாலும், ஜுரம் வருவது நிச்சயமில்லை. சில சிசுக்களுக்குச் சூடேறுகிறது. பல சிசுக்கள், முக்கியமாக எடை குறைந்தவை, குளிர்ந்துவிடுகின்றன. பாட்டியின் கை நெற்றியில் சூட்டைத் தேடிய வேளையில், குழந்தையின் குளிர்ச்சியே நோயின் அறிகுறியாக இருந்தது.

இனி, இவ்வளவு தளர்ந்த பிராணி எவ்வாறு பிழைக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். நூற்றுக்கு மிகப் பலர் பிழைத்துக்கொள்கிறார்களன்றோ? தாய் தரும் முதல்தான் அவர்களைக் காக்கிறது.

ஜெர்மனி தேசத்து எர்லிக் என்பவர் 1892-ம் வருஷத்தில் வெளியிட்ட சோதனைகள் இவ்விஷயத்தில் மிகவும் இனியவை. நமது குன்றிமணியின் பருப்பிலுள்ள அப்ரின், ஆமணக்கு விதையிலுள்ள ரிசின் என்னும் கொடிய விஷங்களை அவர் பெண் எலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கினார். அவ்வெலிகள் பிற எலிகளைக் கொல்லக்கூடிய அளவு விஷத்தையும் தாங்கின. அவற்றின் குட்டிகளும் தாங்கின. பிறகு குட்டிகளை மாற்றிவைத்தார். விஷம் பழகாத தாய்க்குப் பிறந்த குட்டிகளைப் பழகிய தாயிடம் பாலுண்ண விட்டார். அவை விஷத்தைத் தாங்கும் சக்தியைப் பெற்றன. பழகிய தாய்க்குப் பிறந்த குட்டிகள் பழகாத தாயிடம் பாலுண்டு வளர்ந்தபோது, பிறப்பில் பெற்ற சக்தி விரைவில் குறைந்தது. சக்தி குட்டியின் சொந்தமன்று, தாயிடமிருந்து கடனாக வந்தது என்பது இதனால் நிரூபணமாயிற்று. மெச்னிகாபும் எர்லிக்கும் 1908-ம் வருஷத்து நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கடன் வரும் வழி பிராணிக்குப் பிராணி வேறுபடும். பசுவின் நஞ்சு வழியாக எதிர்ப்பொருள்கள் கன்றுக்குச் செல்வதில்லை. கன்று பிறக்கும்போது அதன் இரத்தம் இவ்விஷயத்தில் வெறுமையாகவே இருக்கிறது. முதல் நாளில் குடிக்கும் சீம்பாலிலிருந்தே குடல் வழியாக அவற்றைப் பெறுகிறது. ஒரு நாள் கழிந்தால் அக்குடலின் கதவு அடைபட்டுவிடும். சீம்பால் கிடைக்காத கன்று தேறுவது கடினம் என்பதை மாடு வளர்ப்போர் அனைவரும் அறிவர். மனிதருக்கோ இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி நஞ்சுக்கொடி. இம்யூனோகுளோபுலின் ஜி என்னும் எதிர்ப்பொருளை நஞ்சு வலிந்து பிடித்துச் சிசுவின் இரத்தத்தில் சேர்க்கிறது. இவ்வேலை கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் மெல்லத் தொடங்கி, கடைசி இரண்டு மூன்று மாதங்களில் மிக வேகமாய் நடைபெறுகிறது. நிறைமாதத்தில் பிறந்த சிசுவின் இரத்தத்தில் இப்பொருள் தாயின் அளவுக்குச் சமமாகவோ, அதற்கு மேலாகவோ இருக்கும். ஏழாம் மாதத்தில் பிறந்ததற்குப் பாதிகூடச் சேர்ந்திராது. எடை குறைவு மட்டுமன்றி, இந்த முதல் வந்து சேருமுன் பிறந்துவிட்டதும் குறைமாதக் குழந்தையின் அபாயத்திற்கு ஒரு காரணம்.

இம்முதல் நிலையானதன்று. சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. மூன்று மாதம் முதல் ஆறு மாதத்திற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்; அதற்குள் குழந்தை தானே சம்பாதிக்கத் தொடங்கிவிடுகிறது. தாய் எந்தக் கிருமியைக் கண்டிருக்கிறாளோ, அல்லது எதற்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறாளோ, அதற்குரிய எதிர்ப்பொருள் மட்டுமே இவ்வாறு வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். இல்லாததைத் தாய் கொடுக்க முடியாது. 1976-ம் வருஷத்தில் அமெரிக்க நாட்டில் பேக்கர் என்னும் அம்மையாரும் காஸ்பர் என்பவரும், பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் நோயுற்ற சிசுக்களின் தாய்மார்களைச் சோதித்தார்கள். அக்கிருமியைத் தங்கள் உடலில் கொண்டிருந்தும் குழந்தைக்கு நோய் வராத தாய்மாரிடம் அதற்குரிய எதிர்ப்பொருள் பெரும்பாலும் காணப்பட்டது. நோயுற்ற சிசுக்களின் தாய்மாரிடம் அது காணப்படவில்லை. கிருமி இருதரத்தாரிடமும் ஒன்றே. கைமாறிய முதலில்தான் வித்தியாசம்.

ரணஜன்னியின் வரலாறு இதற்கு இன்னும் பெரிய சான்று. துருப்பிடித்த கத்தியாலோ அரிவாளாலோ கொடியை அறுத்து, அதன்மேல் சாணமும் சாம்பலும் வைத்த நாட்களில், பிறந்து ஒரு வாரத்தில் தாடை இறுகி, உடல் வில்லாய் வளைந்து எண்ணற்ற சிசுக்கள் மாண்டன. அந்நோய்க்குச் சிசுவினால் தானாக எதுவும் செய்ய இயலாது. எதிர்ப்பொருள் தயாரிக்க வாரக்கணக்காகும், விஷமோ நாட்கணக்கில் கொல்லும். கர்ப்பிணிக்கு ஊசி போட்டால், அவள் தயாரிக்கும் எதிர்ப்பொருள் நஞ்சின் வழியே சிசுவுக்குப் போய்ச் சேருகிறது. இந்த ஊசியினாலும், சுத்தமான பிரசவ முறையினாலும், இந்தியாவில் ரணஜன்னியால் சிசுக்கள் மாள்வது மிகவும் அருகி, 2015-ம் வருஷத்தில் இந்நோய் ஒழிக்கப்பட்ட நிலையை நாடு அடைந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இக்கிருமி மண்ணில் என்றும் இருப்பது. ஒழிந்தது நோயேயன்றிக் கிருமியன்று. ஆகையால் ஊசியை நிறுத்த வழியில்லை.

இரண்டாவது வழி தாய்ப்பால். மனித சிசுவின் குடல், கன்றினுடையதைப் போல் எதிர்ப்பொருளை இரத்தத்திற்கு அதிகமாய்க் கடத்துவதில்லை. தாய்ப்பாலின் எதிர்ப்பொருள் பெரும்பாலும் இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் வேறு வகை. அது குடலிலேயே தங்கி, உட்சுவரில் பூச்சுப் போல் படிந்து, கிருமிகள் ஒட்டாதபடி தடுக்கிறது. தாயின் குடல் எக்கிருமிகளைச் சந்திக்கிறதோ அவற்றை அறிந்த அணுக்கள் அங்கிருந்து புறப்பட்டு மார்பை அடைந்து, அக்கிருமிகளுக்குரிய எதிர்ப்பொருளைப் பாலில் சேர்க்கின்றன. அதாவது, எந்த வீட்டில், எந்தக் கிணற்று நீரில், எந்தக் கிருமிகளுக்கு நடுவில் குழந்தை வளரப்போகிறதோ, அவற்றிற்கேற்ற மருந்து அந்த வீட்டுத் தாயின் பாலிலேயே தயாராகிறது. டின்னில் அடைத்து விற்கும் எந்த மாவிலும் இது கிடையாது. இப்பொருள் முதல் மூன்று நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் மிகவும் செறிந்திருக்கிறது. பசு ஈன்ற வீட்டில் சீம்பாலைக் காய்ச்சி, வெல்லமிட்டு அண்டை அயலாருக்கெல்லாம் கொடுத்து உண்பவர்கள், தாயின் சீம்பாலைக் கெட்ட பாலென்று பீச்சி எறிந்துவிட்டு, குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் விளக்கெண்ணெயும் தொட்டு வைப்பதை என்னவென்று சொல்வது! வெறும் குடலுக்குள் முதன்முதலாகப் போய்ச் சேருவது, பூச்சுக்கு முன் கிருமியாக இருந்துவிடுகிறது.

தாய்ப்பாலிலுள்ள லாக்டோபெரின் என்னும் புரதம் கிருமிகளுக்கு வேண்டிய இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு அவற்றைப் பட்டினி போடுகிறது. சிசுவினால் செரிக்க முடியாத சில சர்க்கரைகளும் அப்பாலில் உள்ளன. செரிக்காத சர்க்கரை எதற்கு என்று பலகாலம் விளங்காமலிருந்தது. அவை குழந்தைக்கல்ல, குழந்தையின் குடலில் குடியேறும் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவென்று பின்னர் தெரிந்தது. இக்கருத்தையொட்டி ஒடிஸாவின் கிராமங்களில் நடந்த பரீட்சை 2017-ம் வருஷத்தில் வெளிவந்தது. தாய்ப்பாலுண்ணும் 4,556 சிசுக்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மட்டும் லாக்டோபாஸில்லஸ் பிளாண்டாரம் என்னும் நல்ல நுண்ணுயிரையும் அதற்கு உணவான ஒருவகைச் சர்க்கரையையும் ஏழு நாட்கள் வாய்வழி கொடுத்தார்கள். கொடுக்கப்படாதவருள் நூற்றுக்கு 9 பேர் கடுந்தொற்றுக்கோ மரணத்திற்கோ ஆளாக, கொடுக்கப்பட்டவருள் அது 5.4 ஆகக் குறைந்தது. இப்பரீட்சையில் சேர்ந்தவை பெரும்பாலும் நிறைமாதத்தை ஒட்டிப் பிறந்த, 2 கிலோவுக்குக் குறையாத சிசுக்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இதே பலன் கிடைக்குமென்று இதனைக்கொண்டு சொல்லிவிட முடியாது.

பிறக்கும்போது சிசுவின் மேல் அப்பியிருக்கும் மாவு போன்ற வெண்பூச்சையும் அழுக்கென்று கருதித் தேய்த்துக் கழுவுகிறார்கள். அதில் கிருமிகளைக் கொல்லும் புரதங்கள் உள்ளன. உடற்சூட்டையும் அது காக்கிறது. முதல் ஒரு நாள் குளிப்பாட்டாமல், துடைத்து, தாயின் மார்போடு ஒட்டவைத்துப் போர்த்துவதே இப்போது வைத்தியர்கள் கூறும் முறை. தொப்புளைப் பொறுத்தவரை, சுத்தமான பிளேடால் அறுத்து, ஒன்றும் தடவாமல் உலர விடுவது பொதுவாகப் போதுமானது. நேபாள தேசத்தில், பெரும்பாலும் வீட்டிலேயே பிரசவம் நடந்த ஸர்லாஹி ஜில்லாவில், குளோர்ஹெக்ஸிடின் என்னும் கிருமிநாசினியைத் தொப்புளில் தடவியதால் சிசு மரணம் நூற்றுக்கு 24 வீதம் குறைந்ததாக 2006-ம் வருஷத்து ஆராய்ச்சி கூறுகிறது. சாணம் முதலிய அசுத்தங்களைத் தடவும் வழக்கமுள்ள இடங்களுக்கு அது ஏற்றது.

இந்தியாவில் இப்பொழுது பத்துப் பிரசவங்களில் ஏறக்குறைய ஒன்பது ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன. இதனால் வீட்டுக் கிருமிகளின் தொல்லை குறைந்ததென்றாலும், ஆஸ்பத்திரிக் கிருமிகள் என்று ஒரு கூட்டம் உண்டு. 2011 முதல் 2014 வரை டில்லியின் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆராய்ச்சியில், சிசுக்களின் இரத்தத்தில் மிகுதியாய்க் காணப்பட்டவை அஸினெடோபாக்டர், கிளெப்ஸியெல்லா, ஈ கோலை என்பவை. இவற்றில் பல, வழக்கமான மருந்துகளுக்கு மசியாதவை. கைகழுவாமல் குழந்தையைத் தூக்குவது உறவினராயினும் நர்ஸாயினும் குற்றம் ஒன்றே. மேலும், தாயும் சேயும் இரண்டு மூன்று நாட்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள்; சிசுவின் தளர்ச்சியோ இன்னும் பல வாரங்களுக்கு இருக்கிறது. ஆகையால் ஆபத்தை முதலில் காணும் கண் வீட்டாரின் கண்ணாகவே இருந்தாக வேண்டும்.

அக்கண் எதைக் காண வேண்டும்? நன்றாய்ப் பாலுண்டு வந்த சிசு சப்புவதைக் குறைத்தல் அல்லது நிறுத்துதல், அழுகை மெலிதல், கைகால்கள் துவண்டு, தொட்டால்தான் அசைதல், உடல் குளிர்தல் அல்லது சூடேறுதல், மூச்சு நிமிஷத்திற்கு 60 அல்லது அதற்கு மேல் ஓடுதல், மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பாகம் உட்குழிதல், வலிப்பு, தொப்புளில் சிவப்போ சீழோ காணல். சிசுவின் மூச்சு ஒழுங்கற்றதாகையால் முழு நிமிஷம் எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்கினால் ஏமாற்றும். இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே, அந்த நேரத்திலேயே, வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். செல்லும் வழியில் குழந்தையைத் துணியில் சுற்றித் தனியே தூக்காமல் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கொண்டு போனால் சூடு காக்கப்படும். ரிசர்வ் இல்லாத தேகத்தில் ஒரு இரவு காத்திருப்பது நீண்ட காலம்.

இதனைப் படித்த வைத்தியர்தாம் கண்டறிய முடியும் என்று எண்ணலாகாது. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி ஜில்லா காடடர்ந்த, ஏழ்மை மிகுந்த பிரதேசம். அங்கே டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்னும் தம்பதிகள் நடத்தும் ஸ்தாபனம், 1993 முதல் 1998 வரை 39 கிராமங்களில் ஒரு பரீட்சை நடத்தியது. அக்கிராமங்களிலேயே வசிக்கும், சில வகுப்புகளே படித்த பெண்களைப் பொறுக்கியெடுத்து, வீடு வீடாய்ச் சென்று சிசுவை நிறுத்துப் பார்க்கவும், மேற்கூறியன போன்ற அறிகுறிகளை எழுதி வைக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். தொற்றென்று கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும். பெற்றோர் போக இயலாவிட்டால், சம்மதம் பெற்று அப்பெண்ணே ஜென்டாமைஸின் ஊசி போட்டு வாய்வழி மருந்தும் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு கிராமத்துப் பெண் பச்சைக் குழந்தைக்கு ஊசி போடுவதா என்று அக்காலத்தில் ஆட்சேபித்தவர்கள் உண்டு. பலன் 1999-ம் வருஷத்தில் லான்ஸெட் பத்திரிகையில் பிரசுரமாயிற்று. இம்முறைக்கு முன் தொற்றுக் கண்ட சிசுக்களில் நூற்றுக்கு 16.6 பேர் மாண்டனர். அப்பெண்களின் சிகிச்சைக்குப் பின் அது 2.8 ஆயிற்று. மூன்றாம் வருஷத்தில், சிகிச்சையற்ற பிற கிராமங்களோடு ஒப்பிட, சிசு மரணம் நூற்றுக்கு 62 வீதம் குறைந்திருந்தது. சிசுக்களின் வெள்ளணுக்கள் முன்பிருந்தபடியே மந்தமாயிருந்தன, காம்ப்ளிமெண்ட் கூடவில்லை. ஒரு நாள் முந்திப் பார்க்கும் கண்களும் ஒரு நாள் முந்திக் கிடைக்கும் மருந்தும் மட்டும் புதிதாக வந்திருந்தன.

அத்தளர்ச்சி எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதை ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோமில் நூறு சிசுக்களின் இரத்தத்தைப் பிறந்தது முதல் மூன்று மாதம் வரை தொடர்ந்து சோதித்து 2018-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். குறைமாதத்தினவும் நிறைமாதத்தினவும் பிறப்பில் வெவ்வேறாயிருந்து, மூன்று மாதத்திற்குள் ஒரே பாதையில் வந்து சேர்ந்தன. புறவுலகின் நுண்ணுயிர்களே அவ்வணுக்களுக்கு ஆசிரியர்களாயிருந்து பாடம் கற்பிக்கின்றன.

இந்திய சர்க்கார் கட்சிரோலி முறையைத் தழுவி 2011-ம் வருஷத்தில் ஆஷா என்னும் கிராம சுகாதார ஊழியர்கள் சிசுவுள்ள வீடுகளுக்குச் சென்று பார்க்கும் திட்டத்தை ஏற்படுத்திற்று. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களிலும், வீட்டில் பிறந்ததை இவற்றோடு முதல் நாளிலும் அவர் வந்து பார்க்க வேண்டும். அவர் வரும்பொழுது குழந்தை தூங்குகிறதென்று சொல்லித் திருப்பி அனுப்பாமல், துணியை விலக்கித் தொப்புளைக் காட்டி, மூச்சை எண்ணவிட்டு, எதிரிலேயே ஒருமுறை பால் கொடுத்துக் காட்டுவது வீட்டாரின் பொறுப்பு.